அடிப்பதற்காவது ஒரு வரி

பிரோஷ்கா கடை திறந்துவிட்டாள் என்று திஸா ஆற்றங்கரைச் சந்தைக்குப் பூண்டு வாசனைதான் சொல்லும். அன்று ஜன்னலில் கண்ணாடி இல்லாததால் வாசனை இன்னும் தாராளமாகவே கிளம்பிப் போனது. முந்தின நாள் மதியம் இரண்டு பேர் செங்கல் வீசி உடைத்திருந்தார்கள். 'ஜிப்சி' என்று இழிவாகக் கூப்பிடப்படும் ரோமா இனத்துக்காரி ஒருத்தி கையால் ஊரே வாங்கித் தின்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

போலீஸ் சார்ஜென்ட் தெனெஷ் வந்தான். ஐந்து வருஷமாக அவள் எண்ணெயில் பொரிக்கும் லாங்கோஷ் ரொட்டியைத் தின்றே தொப்பை வளர்த்தவன். எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தை நீட்டினான்.

"கையெழுத்துப் போடுக்கா. அப்படியே எனக்கும் ஒண்ணு சுடச்சுட குடு."

"படிச்சுக் காட்டு மொதல்ல."

"ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைக்கப்பட்டது. அவ்ளோதான்."

"அவனுங்க கத்தினது?"

"சட்டம் கண்ணாடியத்தான் கேக்குது. வாய்க்கு வந்தத எல்லாம் கேக்கலக்கா."

பிரோஷ்காவுக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை நாளைக்கே மாட்டிவிடலாம். அந்த வார்த்தைகள் காகிதத்தில் ஏறாவிட்டால், நடந்தது ஏதோ போக்கிரிகள் கல்லெறிந்த கதையாகிவிடும். ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டே மாவைத் தட்டினாள்.

"அப்ப ஒனக்கும் வெறும் மாவுதான். பூண்டு, சீஸ் எதையும் கேக்காத."

வாங்க நின்ற வரிசையே சிரித்தது. ஓய்வுபெற்ற தபால்காரி யோலான் மட்டும் முன்னால் வந்தாள். "நான் கேட்டேன்டா. 'ஜிப்சி நாயே, ஊரை விட்டு ஓடு'ன்னு கத்தினானுங்க. என் பேரையும் போட்டுக்கோ."

தெனெஷ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "போடலாம் அத்தை. ஆனா அதுக்குச் சட்டத்துல பலம் போதாது. மேல போனா அந்த வரிய அடிச்சிருவாங்க."

"அடிக்கறதுக்காவது எழுதணும்ல?" என்றாள் பிரோஷ்கா. "இப்படி எத்தன வரி அடிச்சிருக்காங்கன்னு என்னிக்காவது ஒருத்தன் பாப்பான். அப்பத்தான் சட்டம் வளரும்."

எழுதினான். படித்தபோது அந்த இடத்தில் குரல் இறங்கியது.

"சத்தமா" என்றாள் பிரோஷ்கா.

இரண்டாம் தடவை சந்தைக்கே கேட்டது. அவன் காது சிவந்துவிட்டது. மாவுக் கையோடு கையெழுத்துப் போட்ட பிரோஷ்காவுக்கு மனசு நிறைந்தது. பூண்டும் சீஸும் வழிய வழிய வைத்துக் கொடுத்தாள்.

அவன் கடிக்காமலே நின்றான். "தினமுமாக்கா இந்த மாதிரி வசவ கேக்கற?"

"சேச்சே, ஞாயித்துக்கிழம கடை லீவு."

தெனெஷ் லாங்கோஷைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை மறுபடி திறந்தான்.