மச்சான் வாசலுக்கு வந்த வெள்ளிச் சமன்

ஞானேந்திரனின் கயாக் முதன்முதலாகத் தஷெரோ பெருந்தெருவில் ஓடியது ஒரு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலையில். சிவப்பு விளக்கில் அது நிற்கவில்லை. முன்னால் ஒரு வெள்ளிச் சமன் மீன் தார் ரோட்டுக்குள் நீந்திக்கொண்டு போக, அதன் வாயில் கொழுவிய தங்கூசி நரம்பு விறைத்து நிற்க, மறுமுனையில் தூண்டில் தடியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஞானேந்திரன் லைஃப் ஜாக்கெட்டோடு அந்த ஒடுங்கிய படகுக்குள் குந்தியிருந்தார். மீன் போன இடத்தில் தார் தண்ணீரைப் போல விலகி, கயாக் கடந்ததும் மூடிக்கொண்டது. மூடும்போது முந்தின பனிக்காலம் விட்டுப்போன குழிகளையும் சேர்த்து மூடியதால் புரோசார்ட்வாசிகள் யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அந்த வழியில் பஸ் ஓட்டும் செலீன் மட்டும் சடாரென்று பிரேக் போட்டு, யன்னலைத் திறந்து, போன்ஜூர் என்றார். ஞானேந்திரனும் போன்ஜூர் என்றார். அந்த நிலைமையில் வேறு என்னத்தைச் சொல்வது?

சால்மன் இனத்து வெள்ளிச் சமன் கனடாவின் மேற்குக் கடலின் மீன். மொன்றியலைச் சுற்றி ஓடும் ஆற்றில் அது பிடிபடுவதில்லை என்று மீன்பிடி தெரிந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதை அந்த மீனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வெர்டன் கரைக்குச் சற்றுத் தள்ளி, கரண்டி போல் மினுங்கும் தகட்டுத் தூண்டிலைக் கவ்விக்கொண்டு அது ஆற்றைக் குறுக்கே கடந்தது, பாலத்துக்குக் கீழால் போனது, கப்பல் கால்வாயின் கல்லணையை ஒரே தாவலில் தாண்டியது, கரையேறியும் நிற்கவில்லை. அக்கரையிலுள்ள புரோசார்டில் ஒரு பகுதியின் தெருப்பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும். அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்களும் அடுத்த பகுதிக்குள் போனால் வழி கேட்பார்கள். மீன் ஒரு சந்தியிலும் தயங்கவில்லை. நேரே கனகசிங்கத்தின் வீட்டு வாசலுக்குப் போய், கார் விடும் இடத்தில் நின்றுகொண்டு வாலை ஆட்டியது.

கனகசிங்கம் யாரென்று சொல்லவேண்டும். ஞானேந்திரனின் மனைவி இந்திராதேவிக்குக் கூடப்பிறந்த ஒரே தமையன். கனடாவுக்கு முதலில் வந்து, தங்கையையும் அவள் புருஷனையும் கூப்பிட்டு எடுத்து, அவர்களைக் கரைசேர்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தன் கலியாண வயது போய்விட்டதைக் கண்டவர். அதைப்பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தங்கையின் மகள் சாருஜா இருந்தாள், சனி ஞாயிறுகளில் மச்சானோடு மீன்பிடி இருந்தது. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் மீனைச் சந்தையில் கண்டதோடு சரி. தூண்டில் பிடிக்கப் பழகியது இங்கேதான். வாடகைப் படகில் முன்னுக்கு ஞானேந்திரன், பின்னுக்குக் கனகசிங்கம். மீனைக் கொழுவுவது ஒருவர், கைவலையால் அள்ளுவது மற்றவர். ஒருநாளும் மாறிச் செய்ததில்லை.

பிறகு சாருஜா பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டுச் சடங்கில் தாய்மாமன் வந்து, பாலில் தோய்த்த அறுகம்புல்லால் தலையில் பாலறுகு வைக்கவேண்டும், அது முதல் கையாக இருக்கவேண்டும். தாய்மாமனுக்குப் புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டத்தோடு போய் நேரே சொல்லவேண்டும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஞானேந்திரனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை சென்ட் லோரன்டில் அவர் வேலை செய்யும் விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் ஓவர்டைம், வெளியே பனிப்புயல், மண்டபத்துக்கு ஓட்டம், சமையல்காரருக்கு ஓட்டம். மச்சான்தானே, வேற்று ஆளா என்று நினைத்து, அழைப்புக் கார்ட்டை மற்றக் கார்ட்டுகளோடு தபாலில் போட்டுவிட்டார். அன்பு கூடிய இடத்தில்தான் எங்கள் ஆட்கள் இப்படிப் பிழை விடுவார்கள். கனகசிங்கம் அந்தக் கிழமை முழுக்க மேசையில் விரிப்புப் போட்டு, பலகாரம் வாங்கி வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது தபால்காரர். கனகசிங்கம் சாமத்திய வீட்டுக்குப் போகவில்லை. பாலறுகை யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் வைத்தார். நேரே சொல்லவில்லை என்பது இவர் கோபம், வராமல் விட்டு அவமானப்படுத்திவிட்டார் என்பது அவர் கோபம், நடுவில் இந்திராதேவி அழுதாள். அதோடு கதை பேச்சு நின்றது. கொஞ்சநாளில் ஞானேந்திரன் கடைக்குப் போய், ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடிய படகாகத் தாருங்கள் என்று கேட்டு அந்தக் கயாக்கை வாங்கினார்.

ஆகவே மீன் வாசலில் வந்து நின்ற முதல் நாள் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கனகசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் நின்றார். ஞானேந்திரன் தடியைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தைப் பார்த்தார். மீனை அள்ள ஆள் வேண்டும். தனியே வலையை நீட்டிப் பார்த்தார். அது கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப்போனது. கனகசிங்கம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உடனே தங்கூசி அறுந்தது, மீன் புற்றரைக்குள் இறங்கி மறைந்தது. ஞானேந்திரன் கயாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். செலீன்தான் திரும்பவும் வந்தார். படகுக்குத் தனி டிக்கட் கேட்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்திலும் அது நடந்தது, அதற்கு அடுத்ததிலும் நடந்தது. இந்த ஆற்றங்கரையே வேண்டாமென்று ஒரு வருஷம் ஞானேந்திரன் புவாண்ட்-கிளேர்ப் பக்கம் ஏரிக்குப் போனார். மீன் அவரை அங்கிருந்து நெடுஞ்சாலையால் இழுத்துக்கொண்டு வந்தது. தூரம் கூடியதுதான் மிச்சம். கோயில் ஐயர் சனிமாற்றம் என்றார். புரோசார்ட்காரர் மீன் வரும் காலத்தில் குழியுள்ள தங்கள் தெருவாலும் அது போகக்கூடாதா என்று ஆசைப்பட்டார்கள். மூன்றாவதோ நாலாவதோ தடவை கனகசிங்கம் வாய் திறந்தார்.

"ஆரைக் கேட்டு வந்தனீர்?"

"நான் வரேல்லை. மீன் கொண்டுவந்தது."

"அப்ப நான் மீனோடை கதைச்சுக்கொள்ளுறன்."

சொன்னபடியே கதைத்தார். தங்கச்சியின் முழங்கால் நோ எப்பிடி என்று மீனைப் பார்த்துக் கேட்டார். மீன் வாயைத் திறந்து மூடியது. ஊசி போட்டது, இப்ப பரவாயில்லை என்று ஞானேந்திரன் தூண்டில் தடியிடம் சொன்னார். பிள்ளை என்ன படிக்கிறாள், ஆர் ஆரின்ரை கலியாணத்துக்கு வந்தது, வீட்டு வாடகை ஏத்திப்போட்டாங்களோ என்று வருஷாவருஷம் மீனிடம் விசாரிக்கப்பட்டது. அது நல்ல பொறுமையான மீன். விசாரணை முடிந்ததும் கனகசிங்கம் உள்ளே போவார், கதவு சாத்துப்படும், தங்கூசி அறும். ஆனால் சாருஜாவின் பட்டமளிப்பைப் பற்றிக் கேட்ட வருஷம், கதவு சாத்தியபிறகும் யன்னல் சீலைக்குப் பின்னால் ஒருவர் நின்று கண்ணைத் துடைத்ததைப் பஸ்ஸுக்குள் இருந்த செலீன் கண்டிருக்கிறார்.

அப்படியே காலம் போய், சாருஜாவுக்குக் கலியாணம் பேசிவந்தது. தை மாதம் நாள் வைத்தார்கள். மண்டபம், மேளம், சேலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிள்ளை ஒன்றுக்கு மட்டும் ஆடவில்லை. சாமத்திய வீட்டில் யாரோ ஒருவரின் கை தன் தலையில் பட்டதை அவள் மறக்கவில்லை. "மாமா வந்து பாலறுகு வைக்காட்டில் எனக்குக் கலியாணம் வேண்டாம். சே ஃபினி, முடிஞ்சுது, அப்பா," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவளுடைய பிரெஞ்சில் ஒருநாளும் பகிடி கிடையாது.

ஞானேந்திரன் பயப்படவில்லை. மீன் இருக்கப் பயமேன்? தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம் அடுக்கி, மேலே கார்ட்டை வைத்து, பொலித்தீனால் சுற்றிக் கயாக்கின் முன்பக்கத்தில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். இழுத்துக்கொண்டு போய் விட்டால் தட்டத்தை நீட்டலாம், பிறகும் 'நான் வரேல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். கும்பிட்ட மாதிரியும் இருக்கும், குனியாத மாதிரியும் இருக்கும். ஆனால் அந்த வருஷம் மீன் வரவில்லை. செப்டெம்பர் போனது. வெற்றிலை வாடி வாடிப் புது வெற்றிலை வாங்கினார். தகட்டுத் தூண்டிலை மாற்றினார், இடத்தை மாற்றினார், விரதமும் பிடித்தார். ஒக்டோபரும் முக்கால்வாசி போய், மேப்பிள் இலை எல்லாம் தண்ணீரில் மிதந்தபோது, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"எத்தினை வருசமா அது உங்களைக் கொண்டுபோய் வாசல்லை விட்டது," என்றாள் இந்திராதேவி. "நீங்கள் ஒருநாள் எண்டாலும் இறங்கி ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? மீனுக்கும் ரோசம் இருக்காதே?"

தன் பிழை ஞானேந்திரனுக்கு எப்போதோ தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் கால் வரவில்லை. மகளின் அறைக் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தார்.

அடுத்த நாள் விடிய அவர் தானே துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்தார். கால்வாயின் கல்லணையில் கயாக்கைத் தோளில் சுமந்து ஏறி இறங்கினார், விழுந்து முழங்கையை உரசிக்கொண்டார். கரையேறியதும் கயிறு கட்டித் தஷெரோ பெருந்தெருவால் இழுத்துக்கொண்டு நடந்தார். மீன் இல்லாத தார் தாராகவே இருந்தது, கயாக்கின் அடி கரகரவென்று தேய்ந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றார். காரில் போகலாமே என்று பலர் பின்னாளில் கேட்டார்கள். இத்தனை வருஷம் எப்படிப் போனாரோ அப்படித்தான் போகவேண்டுமென்று அவருக்குப் பட்டது. புருஷனும் பெண்சாதியுமாகப் போய்ச் சொல்வதுதான் முறை, கயாக்கில் இடமோ ஒருவருக்கு. ஆகவே இந்திராதேவி சேலையுடுத்திச் செலீனின் பஸ்ஸில் வந்தாள். செலீன் பஸ்ஸை அவருடைய நடைக்கு உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களில் வேலைக்குப் பிந்தியவர்கள்கூட மணியடித்து அவசரப்படுத்தவில்லை.

கனகசிங்கம் படியில் நின்றார். மீனைத் தேடிக் கீழே பார்த்தார், மீன் இல்லை. ஞானேந்திரன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இந்திராதேவியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். இரண்டு பேருமாகத் தட்டத்தைப் பிடித்து நீட்டினார்கள்.

"மச்சான், மீன் வரேல்லை. நான்தான் வந்தனான். அண்டைக்கு வந்திருக்கவேணும். பிழை என்னிலைதான்."

கனகசிங்கம் தங்கையின் நரைத்த தலையைப் பார்த்தார், மச்சானின் உரசிய முழங்கையைப் பார்த்தார். தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அந்த நேரத்தில் கயாக்கில் கிடந்த தூண்டில் தடி வளைந்தது. தார் மேல் இழுபட்டு வந்த தகட்டை வெள்ளிச் சமன் கவ்விக்கொண்டு, கார் விடும் இடம் முழுக்கத் தண்ணீர் தெறிக்கத் துள்ளியது. ஞானேந்திரன் பாய்ந்து தடியைப் பிடித்தார். கனகசிங்கம் தட்டத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் கையைவிட்டு, கைவலையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பழைய வாடகைப் படகுக்காலத்து வலை அது. இத்தனை வருஷமும் கைக்கெட்டும் தூரத்திலேயே தொங்கியிருக்கிறது, கிழிந்த கண்ணிகள் புதிதாகப் பொத்தித் தைக்கப்பட்டிருந்தன.

"தலையை என்ரை பக்கம் திருப்பும்! இழுக்காதையும், விட்டுப் பிடியும்!" என்று அவர் கத்தினார். ஞானேந்திரன் விட்டுப் பிடித்தார். மீன் ஒரு சுற்றுச் சுற்றி, தானாகவே வலைக்குள் வந்து படுத்தது. இரண்டு பேரும் அதற்கு இரண்டு பக்கமும் முழங்காலில் இருந்து மூச்சு வாங்கினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு சிரிப்பென்று சொல்லமுடியாதபடி ஆனது.

குழம்போ பொரியலோ என்று செலீன் விசாரித்தபோது கனகசிங்கம், "தூது வந்ததைக் கறியாக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை," என்று தமிழிலேயே சொல்லி, வாயிலிருந்து கொளுக்கியைக் கழற்றி, மீனைத் தாரில் இறக்கிவிட்டார். தை மாதம் சாருஜாவின் தலையில் முதல் பாலறுகை அவர்தான் வைத்தார். அறுகை அவர் நிறையத் தோய்த்துவிட்டதால் பால் அவள் காதுக்குள் போனது. அவள் துடைக்காமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றைக் கயாக்கை விற்றுவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டு பேர் இருக்கும் கயாக். முன்னுக்கு ஞானேந்திரன், பின்னுக்கு வலையோடு கனகசிங்கம். செப்டெம்பர் வந்தால் மீன் அவர்களைப் புரோசார்ட் பக்கம் இழுப்பதில்லை. மறுபக்கம், ஆற்றங்கரையிலிருந்து மேலேறி, தொழிற்சாலைகளையும் கிட்டங்கிகளையும் கடந்து, சென்ட் லோரன்டில் ஒரு மாடிக்கட்டடத்தின் படிகளால் ஏறி, மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் கட்டடத்தார் படியில் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இந்திராதேவி கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்து, மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்து, "ஈரத்தோடை உள்ளுக்கை வராதேங்கோ, சோறு போட்டாச்சு," என்கிறாள்.