சுகிர்தம் செய்த எழுத்து

கிட்டுவை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது. அவன், நிலப் படம் வரைந்து கொடுக்கிற எங்கள் ஆபீசின் என்ஜினியர் ராமசேஷனின் மகன். மெட்ராசில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு 1988-ல் தென்காசிக்கு வந்தான். கூடவே ஒரு கம்ப்யூட்டரும், பேனா பிடித்துப் படம் வரைகிற பிளாட்டரும் வந்தன. குற்றாலத்தில் சீசன் தொடங்கிய நேரம். சாரல் பட்டு மிஷின் கெட்டுவிடும் என்று ஜன்னலையெல்லாம் அடைத்தான். ஊரே குளிர்ந்து கிடக்க, நாங்கள் மட்டும் உள்ளே வெந்தோம்.

நான் டிரேசிங் போடுகிறவன், படத்தைக் கண்ணாடித் தாளில் பார்த்து எழுதுகிற வேலை. சுகிர்தம்தான் டிராப்ட்ஸ்மேன். பெண்தான், வேலைக்குப் பெயர் அப்படி. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் மிஷினை அவள் பிடித்துக்கொண்ட வேகத்துக்குக் கிட்டு பக்கத்தில் வர முடியாது.

மிஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டுந்தான் தெரியும். "தெருப் பேரு, ஊர்ப் பேரு எல்லாம் இங்கிலீஷ்லயே போட்டுடலாம்" என்றான் கிட்டு.

"கடையத்துக்காரன் தன் வயலுக்குப் பக்கத்து வயலு யாருதுன்னு ஒங்க கிட்ட வந்து வாசிக்கச் சொல்லணுமாக்கும்?" என்றாள் சுகிர்தம்.

அன்று ஆரம்பித்தாள். கட்டம் போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்து, பேனா எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுழிக்கு மட்டும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கிலீஷ் எழுத்துகளின் எண்களைத் தொடாமல், அதற்கு மேலே காலியாகக் கிடந்த எண்களில் தமிழை வைத்தாள். அளவு இங்கிலீஷில், பெயர் தமிழில், இரண்டும் ஒரே படத்தில் சண்டையில்லாமல் நின்றன. நான்தான் முதலில் பார்த்தேன். உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சுகிர்தம் போகிற கிறிஸ்தவ சபையின் கல்லறைத் தோட்டத்து வேலை வந்தது. துணியில் வரைந்த பழைய படம் மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது, புதிதாக வேண்டும் என்று சபைச் செயலாளர் அருமைநாயகம் வந்தார். அவர் சுகிர்தத்துக்குச் சித்தப்பா. செத்துப்போன அவள் அப்பா ஞானதுரையின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் குற்றாலத்தில் ஓர் இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவள்தான் சுகிர்தத்தின் அம்மா, பெயர் குழல்வாய்மொழி. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அவள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. "குற்றாலத்து அம்மன் பேரு நம்ம தோட்டத்துல கெடக்கணுமாக்கும்" என்று அருமைநாயகம் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். ஆனால் ஞானதுரை சாகுமுன்னே பழைய பாதிரியாரிடம் சொல்லி, தன் குழிக்குப் பக்கத்து இடத்தை மனைவிக்கென்று படத்தில் எழுத வைத்திருந்தார். அந்தப் பாதிரியார் இப்போது உயிரோடு இல்லை.

படத்தின் வழக்கம் இதுதான்: அடக்கம் ஆன இடத்தில் சாய்கோடுகளும் பெயரும் இருக்கும். ஒருவருக்கென்று ஒதுக்கின இடத்தில் பெயர் மட்டும் இருக்கும். காலி இடத்தில் ஒன்றும் இருக்காது. ஒதுக்கினது மொத்தமே இரண்டுதான். ஒன்று குழல்வாய்மொழிக்கு. இன்னொன்று பம்பாய்க்குப் போய்விட்ட ஒரு குடும்பத்துக்கு. கிழிந்த துணியைப் பார்த்து எல்லாப் பெயரையும் சுகிர்தம் ஏற்றினாள்.

திரையில் படத்தைப் பார்க்க அருமைநாயகம் வந்தார். "தமிழ்ல எப்படி வருது?" என்று வாயைப் பிளந்தார்.

"நான்தான் சார் பண்ணேன்" என்றான் கிட்டு, கொஞ்சமும் கூசாமல். "அக்கா டைப் அடிச்சாங்க."

சுகிர்தம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்ன சொல்லுதீரு தம்பி? இதுல ஒரு புள்ளியாவது ஒம்ம கையி பட்டிருக்கா? அத்தனையும் நான் செஞ்சது! என்னத் தவிர இதுல வேற எவனுக்கும் ஒரு சுழியக்கூட மாத்தத் தெரியாது, கேட்டுக்கிடும்!"

ராமசேஷன் அறையிலிருந்து வந்தார். "ஆபீஸ்ல செஞ்சது ஆபீஸோடதும்மா. சும்மா கத்தாதே" என்றார்.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள். எழுத்து இருந்த பைலை மிஷினிலிருந்து அழித்தாள். அதன் பிரதி இருந்த பிளாப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டிபன் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் கிட்டு படத்தைத் திறந்தான். பெயர்கள் படத்துக்குள் எண்ணாக இருக்கின்றன, உருவந்தான் இல்லை. மிஷின் தன் சொந்த எழுத்தை வைத்துப் பார்த்தது. அந்த எண்களுக்கு அதனிடம் ஒன்றும் இல்லாததால் பேசாமல் விட்டுவிட்டது. கோடு வந்தது, அளவு வந்தது, ஒரு பெயர்கூட வரவில்லை. சுகிர்தத்திடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கௌரவம் விடுமா? குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், கல்லில் இருந்த பெயர்களைப் பார்த்து வந்து, பிளாட்டர் வரைந்த தாளில் சாய்கோடு போட்ட இடங்களில் எல்லாம் கையால் எழுதினான். ஒதுக்கின இடத்தில் கல் ஏது? அவை இரண்டும் காலியாகவே போயின.

அண்ணன் குழிக்குப் பக்கத்தில் காலியாக இருந்ததை அருமைநாயகம் பார்த்தார். திரையில் அங்கே யார் பெயர் இருந்தது என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார். வாயைத் திறக்காமல் கமிட்டியில் கையெழுத்து வாங்கினார், பழைய துணியைக் கொளுத்தினார், அந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

ஐப்பசி அடைமழையில் குழல்வாய்மொழி காலையில் கண்ணை மூடினாள். துக்கம் கேட்க நான் போயிருந்தபோதுதான் குழி தோண்டுகிற மாடன் நனைந்துகொண்டு வந்தான்.

"யக்கா, அங்கன தோண்டக் கூடாதுன்னு செகரெட்டரி ஐயா சொல்லுதாவ. அது அவியளுக்கு உள்ள எடமாம்."

சுகிர்தம் அழுகையை நிறுத்தினாள். பீரோவிலிருந்து பிளாப்பியை எடுத்தாள். சித்தப்பாவை ஊர் பார்க்க ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் மாடனும் பின்னால் ஓடினோம்.

கிட்டு நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் பிளாப்பியைச் செருகிப் படத்தைத் திறந்தாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஞானதுரை. பக்கத்தில், சாய்கோடு இல்லாமல், குழல்வாய்மொழி.

"பாத்தீயளா சித்தப்பா? இந்தா இருக்கு!"

அருமைநாயகம் திரையைப் பார்க்கவில்லை, கிட்டுவைப் பார்த்தார். "தம்பி, இந்தத் தமிழ் எழுத்து ஆருது?"

கிட்டு என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "முழுக்க அக்காவோடது சார். எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது."

பாவி! அவள் கேட்டபோது கொடுக்காத பேரை இப்போது கொடுத்தான்.

"அப்ப பேரும் நீ எழுதினதுதானட்டி" என்றார் அருமைநாயகம். "ஒன்னத் தவிர எவனுக்கும் ஒரு சுழிகூட மாத்தத் தெரியாதுன்னு இங்கன நின்னுதான சொன்ன? ஒன் எழுத்து, ஒன் பிளாப்பி, ஒங்க அம்ம பேரு. இது சாட்சியாக்கும்?"

"நான் அன்னைக்கே பாத்தேன் அண்ணாச்சி" என்றேன் நான்.

"நீரு அன்னைக்குப் பாத்ததும் அவ எழுதினதத்தான்வே."

அந்த ஆளைப் பிடித்து அறைந்திருக்க வேண்டும்.

"மேற்குச் சுவரு ஓரம் எடம் இருக்கு. அங்கன வைங்க" என்றார். "பிளான்ல பேரு ஏறாம குழி கெடையாது, அது கமிட்டி தீர்மானம். மழை வேற வலுக்குது. சீக்கிரம் பாருங்க."

வீட்டில் பிணம் கிடக்கிறது. வெளியே மாடன் மண்வெட்டியோடு நிற்கிறான். சுகிர்தம் விசைகள்மேல் கையை வைத்தாள். பிறகு அந்தப் பெயரை அழிக்கப் போனாள்.

"அழிச்சு எழுத வேண்டாம் அக்கா" என்றான் கிட்டு, உதவி செய்கிறவன் குரலில். "மூவ் கொடுத்தாப் போதும், அப்படியே நகர்ந்துடும்."

மூவ் கொடுத்தாள். எங்கேயிருந்து என்று மிஷின் கேட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் காட்டினாள். எங்கே என்று கேட்டது. மேற்குச் சுவர் ஓரத்தைக் காட்டினாள். அவள் செய்த எழுத்து, ஒரு சுழி குறையாமல், அங்கே போய் நின்றது. சாய்கோடுகளையும் அவளே போட்டாள்.

"தோண்டட்டுமா யக்கா?" என்றான் மாடன்.

"தோண்டு" என்றாள்.