மூன்று பங்கு ஜின், ஒரு பங்கு வோட்கா

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாமனார் இன்னும் ஒரு தடவைகூட அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாலும் மகள் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாராம்மா?" என்பார். இவன் மட்டும் லேசுப்பட்டவனா? மாமா என்ற வார்த்தை வாய்வரை வரும், அங்கேயே சண்டித்தனம் செய்யும். பதிலை மனைவி வழியாகத்தான் அனுப்புவான். நடுவில் அவள் சம்பளமில்லாத தபால்காரி.

இன்று மனிதர் முதல்முறையாக இவர்கள் வீட்டுக்கு வருகிறார். இன்றாவது அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்று இவனுக்கு ஆசை. கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் ஜின்னும் வோட்காவும் கலந்த காக்டெயில் என்றால் அப்பாவுக்கு உயிர் என்று மனைவி போட்டுக்கொடுத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

இவன் மருந்துக்கடைக்காரன். குத்துமதிப்பு என்ற பேச்சே ஆகாது. இருமல் மருந்து அளக்கும் கோப்பையைக் கழுவி எடுத்தான். ஜின் மூன்று பங்கு, வோட்கா ஒரு பங்கு, வெள்ளை வெர்மூத் என்ற மூலிகை ஒயின் அரைப் பங்கு. கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்து ஊற்றினான். புது மருந்துப் பாட்டிலில் நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தான். அவர் வந்ததும் ஐஸ் போட்டுக் குலுக்கி, எலுமிச்சைத் தோல் ஒரு சீவல் போட்டால் வேலை முடிந்தது. அந்தச் சீவல்தான் வருவேனா என்றது. மூன்று பழத்தை மொட்டையடித்ததுதான் மிச்சம்.

நாலாவது பழத்தோடு மல்லுக்கட்டும்போது மாமனார் வந்துவிட்டார். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பாட்டிலில் இருந்த சீட்டு இவன் கண்ணில் பட்டது. பாட்டிலை மூடினால் சீட்டு ஒட்டுவது பன்னிரண்டு வருஷக் கைப்பழக்கம். ஒட்டியது நினைவிலேயே இல்லை.

'பெயர்: மாமா. உணவுக்கு முன். நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்.'

மானம் கப்பலேறிவிட்டது, அதுவும் கப்பல்காரர் முன்னாலேயே. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. முதல் வரியை மறுபடியும் படித்தார். பிறகு மகளைத் தாண்டி நேராக வந்து, பாட்டிலை இவன் கையில் கொடுத்தார்.

"நல்லா குலுக்குங்க, மாப்பிள்ளை."

"சரிங்க, மாமா," என்றவன், ஐஸ் போடவே மறந்து குலுக்கத் தொடங்கினான்.