கிண்ணத்துக்கு உரிய பெயர்

சமோவாவின் சவாயித் தீவில் தொலோவாவின் குடும்பம் நான்கு தலைமுறையாக ஊர்த்தலைவர்கள் சபையில் கிண்ணப் பெயர் கூறிவரும் குடும்பம். ஆவா என்னும் சடங்குப் பானம் வழங்கும்போது ஒவ்வொரு தலைவருக்கும் உரிய கிண்ணத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் தவறினால் அது அவமதிப்பு. அடியெடுத்துக் கொடுப்பதும் வழக்கமில்லை.

சென்ற முறை அவருடைய மகன் பெனியாமினா பெயர் மறந்து பாதியில் நின்றுவிட்டான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஓர் ஊசி, ஊசியால் வந்த கைநடுக்கத்துக்குத் தினம் இரண்டு மாத்திரை. காய்ச்சல் என்று சொல்லித் தொலோவா சமாளித்தார். புதிய தேவாலயத் திறப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றும் தவறினால் பெயர் கூறும் உரிமை சபையின் இன்னொரு தலைவரான லௌலியின் வீட்டுக்குப் போய்விடும்.

ஊசிதான் மகனின் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்று நினைத்த தொலோவா, ஊசி போட வந்த நர்ஸ் சினாதலாவிடம், இனி ஊசி வேண்டாம் என்றார். அவள் பெட்டியை மூடவில்லை.

"ஊசிய நிறுத்தினா பழையபடி குரல் கேக்கும், தலைவரே. அப்புறம் யார் பேர யார் சொல்றது? ஊசி கொஞ்சம் மந்தமாக்கும், நெசந்தான். ஆனா ஞாபகத்த ரொம்பக் கெடுக்கறது அந்த நடுக்க மாத்திரையா இருக்கலாம். டாக்டர்கிட்ட கேட்டு அத மெல்லக் கொறைக்கலாம். என்ன, கை நடுங்கும்."

சபை நடுவே நடுங்கும் கையா? தொலோவா முடியாது என்றார். மகனைக் கேளுங்கள் என்றாள் அவள். அதுவரை அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.

"நடுங்கட்டும்ப்பா," என்றான் பெனியாமினா. "பேர் இருந்த எடம் வெறுமையா கெடக்கே, அதத்தான் தாங்க முடியல."

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆறு வாரத்தில் மாத்திரை படிப்படியாகக் குறைந்து நின்றது. ஊசி தொடர்ந்தது.

திறப்பு நாளன்று, தொடைமேல் வைத்த அவன் கைகள் நடுங்கியதைச் சபையே பார்த்தது. "கை தாளம் போடுது, பாட்ட எப்ப எடுப்பாரு?" என்று லௌலி கேட்க, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மடியில் ஒரு பாயைப் போட்டு மறைத்திருக்கலாமே என்று தொலோவாவுக்குத் தோன்றியது.

பெனியாமினா தொடங்கினான். மெதுவாகத்தான் சொன்னான், கிண்ணம் ஏந்தியவன் கை கடுக்க நின்றான். பதினொன்றாவது, லௌலியின் கிண்ணம். மகன் கண்ணை மூடினான். பெயர் முழுதாக வந்தது. லௌலி வாங்கிக் குடித்தார், வேறு வழியில்லை.

பத்தொன்பது கிண்ணமும் முடிந்தபின், விருந்தாளித் தலைவர் ஒருவர் தொலோவாவின் பக்கம் சாய்ந்து, மகனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லையா என்று விசாரித்தார்.

"காய்ச்சல் இல்ல," என்றார் தொலோவா, லௌலிக்கும் கேட்கும்படி. "மனநோய். மாசாமாசம் ஊசி போட்டுக்கறான். இனிமேயும் அவன்தான் சொல்லுவான்."