இருநூற்று நாற்பது குழாய்கள்

கன்சல்டிங் நிறுவனம் ஒன்றின் இரண்டாம் சுற்று நேர்காணல் அண்ணிக்குக் காலை பத்து மணிக்கு. வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே அறை படுக்கையறைதான். இஸ்திரி மேசை மேல் மடிக்கணினி, எதிரே அண்ணி. கேமராவில் படாதபடி அலமாரியை ஒட்டித் தரையில் நான்.

கூப்பிட்டது அவர்தான். "தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா எனக்கு வாய் உலராது. ஆனா மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்."

குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவர். ஆறு வருடம் ஓடிவிட்டது. மூன்று நிறுவனங்கள் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கைவிரித்திருந்தன. இதுவும் போனால் இனி விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

ஐந்து வாரமாக அவருக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்தது நான். வெளியாளிடம் மணி கேட்கக்கூடத் தயங்குவேன். அண்ணியைக் கேள்வி கேட்கும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்துவிடும். "வாங்க, கடுவன் பூனை," என்பார். எங்களுக்குள் ஒரே சண்டை: எண்ணை மட்டும் எழுதுவார், எதன் எண் என்று எழுத மாட்டார். வேதியியல் படித்த எனக்கு அது சோற்றில் கல் மாதிரி.

திரையில் வந்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்: தீர்த்துச் சொல்ல ஒரு சிக்கல். ஒரு மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நோயாளிகள் மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். இயக்குநர் இரண்டாவது இயந்திரம் வாங்க நினைக்கிறார். வாங்கலாமா? நாளுக்கு இருநூற்று நாற்பது குழாய் ரத்தம் வருகிறது. இருக்கும் இயந்திரம் மணிக்கு அறுபது குழாய் பார்க்கும். எட்டு மணி நேர வேலை.

அண்ணி எழுதினார்: 240.

"ஒருத்தருக்கு எத்தனை குழாய் எடுப்பாங்க, சார்?"

"சராசரியா மூணு."

பெருக்கினார். "எழுநூத்தி இருபது. மணிக்குத் தொண்ணூறு வருது, அறுபதுதான் முடியுது. இன்னொரு இயந்திரம் வேணும், சார்."

ஒரு காகிதத்தில் '240 குழாய், ஆள் அல்ல' என்று பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினேன். அண்ணியின் கண் என் பக்கம் திரும்பியது. காகிதம் என்று தெரிந்ததுமே திரைக்குப் போய்விட்டது.

"அப்போ வாங்கச் சொல்லிடலாமா?" என்றார் திரையில் இருந்தவர்.

"ஒரு நிமிஷம், சார்."

பேனாவை மூடி வைத்தார். வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"என் கணக்குப்படி மணிக்கு முப்பது குழாய் தேங்கும். சாயங்காலம் இருநூத்தி நாப்பது பாக்கி. மறுநாளும் அதே. ஒரே வாரத்துல முடிவு வர நாள் கணக்காகணும். ஆனா ஜனங்க மூணு மணி நேரம்தான் காத்திருக்காங்க. இடிக்குது சார். தப்பு என்கிட்டதான் இருக்கணும். நீங்க சொன்னது இருநூத்தி நாப்பது ஆளா, குழாயா?"

"குழாய்."

"அப்போ மணிக்கு முப்பதுதான். இயந்திரம் பாதி நேரம் சும்மா இருக்கு. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். குழாய் அங்கே எப்படி வந்து சேருது?"

"தட்டு நிரம்பினதும் ஊழியர் எடுத்துட்டு வருவார். ஒரு தட்டுல நூறு பிடிக்கும்."

"நூறு நிரம்பவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகுமே! தாமதம் தட்டுலதான் இருக்கு. கால் மணிக்கு ஒரு தடவை எடுத்துட்டு வரட்டும். ஒரு வாரம் பார்த்துட்டு இயந்திரத்தைப் பத்திப் பேசலாம்."

"பத்து நிமிஷத்துல பேச்சை மாத்திட்டீங்க. இயக்குநர் உங்களை எப்படி நம்புவார்?"

"அவர் வாங்கி இறக்கினப்புறம் மாத்தியிருந்தா நம்பக் கூடாது, சார்."

அவர் சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை நேர்ல வாங்க. கடைசிச் சுற்று."

அண்ணி மடிக்கணினியை மூடினார். தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டி, என்ன காகிதம் அது?"

"நீங்க படிக்கலையா, அண்ணி?"

"படிச்சிருந்தா வேலைக்குப் போனப்புறமும் தினமும் உன்னைப் பக்கத்துல உட்கார வைக்கணும். அங்கே நீ ஒளிஞ்சுக்க அலமாரி இருக்குமோ என்னவோ."

எனக்கு முகம் சுட்டது. அந்த ஒரு நிமிடத்தில் உதவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. நானாக இருந்தால் படித்திருப்பேன். காகிதம் இல்லையென்றால், முதலில் சொன்ன விடையைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அண்ணனுக்குப் போன் போட்டார். "திங்கட்கிழமை பையனை நீங்கதான் ஸ்கூல்ல விடுறீங்க, நீங்கதான் கூட்டிட்டு வர்றீங்க," என்றார். முடியுமா என்று கேட்கவில்லை.