பட்டியலுக்கு முந்திய ஸ்தோத்திரம்

தயாளன் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. காரியம் இல்லாமல் ஒரு மனுஷன் தேர்வாளர்களுக்கு இளநீர் இறக்குவானா? அதுவும் மினி வண்டியில் குலை குலையாகக் கொண்டுவந்து, சீவிக் கொடுக்க ஓர் ஆளையும் நிறுத்தி? நான் வாயைத் திறந்து கேட்டதற்கு என் மகள் கெசியா, எல்லாருக்கும்தான் கொடுக்கிறார்கள், நானும் இரண்டு குடித்தேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் இந்தியப் பெண்கள் ரக்பி அணிக்கான கடைசி முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆசிய அளவில் நடக்கும் போட்டிக்குப் பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டும். ஒடிசா, பீகார், மகாராஷ்டிரா என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு இரண்டே பேர். ஒருத்தி கெசியா. இன்னொருத்தி கோவிலம்பாக்கம் தயாளனின் மகள் அனுப்பிரியா. ஒரு காலத்தில் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில் இப்போது கல்யாண மண்டபமும் வாடகை வீடுகளுமாக நிற்கின்றன. நானோ தாம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் ஜீவரத்தினம் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. எங்களிடம் மினி வண்டியும் இல்லை, இளநீரும் இல்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு பிள்ளைகளும் ஆடுவது ஒரே இடம். ஸ்க்ரம் ஹாஃப் என்பார்கள். தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கிற கும்பலின் காலடியிலிருந்து பந்தைப் பொறுக்கி, அடுத்தவளுக்கு எறிகிறவள். அந்த இடத்துக்கு ஒடிசாப் பெண் ஒருத்தி ஏற்கெனவே உறுதி என்று பேச்சு. மாற்று ஆளாக இன்னும் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். கெசியாவுக்கு வயது இருபத்தைந்து. முட்டியில் ஒரு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டுமாம், ஆனால் முன்னால்தான் ஓட வேண்டுமாம். இப்படி ஒரு விளையாட்டை எவன் கண்டுபிடித்தானோ. விதி புரியாவிட்டாலும் என் பிள்ளையை எனக்குத் தெரியும். அனுப்பிரியா அவள் காலைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கிறாள். தரையில் விழுகிற அந்த நொடியில் கெசியா பார்க்காமலே பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிறாள். பீகார்ப் பெண் அதை வாங்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கிறாள், அதற்குத்தான் புள்ளி. நான் எழுந்து நின்று கத்தினேன். அனுப்பிரியாவும் மோசமில்லை. ஒரு தடவை ஆள் நடுவே புகுந்து தனியாக ஓடி அவளும் வைத்தாள். அதற்குத் தயாளன் விசில் அடித்தது அநாவசியம்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர்கள் மூன்று பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஆபேல். பழைய ஆட்டக்காரர், எங்கள் சபைதான், பாடகர் குழுவில் பாடுகிறவர். பட்டியல் திங்கட்கிழமைதான் வரும், அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளை. நான் ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் வந்தும் ஏறாமல் நின்றேன். ஆபேல் எப்படியும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. வந்தார். எதில் வந்தார்? தயாளனின் காரில். அவர் இறங்கி, உள்ளே குனிந்து சிரித்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். வணக்கம் அக்கா என்றார். நான் பதில் சொல்லாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

மனுஷர்கள் கைவிட்டால் நமக்கு யார் இருக்கிறார்? எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைக் கேட்டு ஜெபித்தால் அது கிடைத்துவிட்டதாகவே நம்பி, கிடைப்பதற்கு முன்னாலேயே நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிடுவோம். அரைகுறை விசுவாசம் வேலைக்காகாது. ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு லோன் கிடைத்தது அப்படித்தான். குழுவை நடத்துகிறவள் நான். நானே தயங்கினால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை காலையில் காணிக்கைக் கவர் மேல் கிடைத்துவிட்டதாகவே எழுதி ஆலயத்தில் கொடுத்தேன்.

ஆராதனையில் ஆயர் காணிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறந்த நாள், திருமண நாள், புது வண்டி. பிறகு, தங்கள் மகள் கெசியா இந்திய ரக்பி அணியில் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக ஜீவரத்தினம், ரத்தினபாய் குடும்பத்தார் என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பாடகர் வரிசையில் நின்ற ஆபேலின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் அவர் யாரிடமும் நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை பட்டியல் வரவில்லை. மாலையில் ஆபேல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அக்கா, சனிக்கிழமை அந்த ரூமுக்குள்ள நாங்க மூணு பேர்தான் இருந்தோம். கெசியா பேர எழுதினது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில ஆயர் அத மைக்ல படிக்கிறார். நான் யார்கிட்ட போய் என்ன சொல்றது?"

எனக்கு முதலில் காதில் விழுந்தது கெசியா பெயரை எழுதினார்கள் என்பதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதி மெதுவாகத்தான் உறைத்தது. எங்கள் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகும். தயாளனின் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அதை டிவியில் சத்தமாக வைத்துப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்ற தயாளன் காதில் ரக்பி என்ற வார்த்தை விழுந்திருக்கிறது. அவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துத் தலைமைத் தேர்வாளர் சுப்ரஜாவுக்கு அனுப்பிவிட்டார். ஆபேல் தன் சபைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார், அப்படியானால் தேர்வே கூட்டுச் சதி, கெசியாவை எடுக்கக் கூடாது என்று புகார்.

"நம்பிக்கையில வெச்சேன் ஆபேல்" என்றேன்.

"எனக்குப் புரியுது அக்கா. நாளைக்கு விசாரணையில இத நீங்களே வந்து சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி, சனிக்கிழமை ஸ்டேஷனில் ஏன் பேசாமல் போனீர்கள் என்று கேட்டார். நான் காரைச் சொன்னேன். அந்தக் காரில் மூன்று தேர்வாளர்களும் இருந்தார்கள், காலேஜ் வண்டி பஞ்சர், வழியில் போனவர் ஏற்றிக்கொண்டார் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை மைதானத்தை ஒட்டிய அறையில் விசாரணை. பிள்ளைகள் இருவரையும் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். சுப்ரஜா ஹைதராபாத்காரி, சென்னையில் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். சிரிக்காத முகம். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

தயாளன் முதலில் பேசினார். "மேடம், சனிக்கிழமை ஆபேல் சார ஸ்டேஷன்ல நான்தான் எறக்கிவுட்டேன். நீங்களும் வண்டியில இருந்தீங்க. இந்த டீச்சரு அங்க நின்னுகினு இருந்தாங்க. எதுக்கு நின்னாங்க? அவங்க வூட்டுக்குப் போற ரயிலு அப்பதான் போச்சு, ஏறல."

வேவு பார்க்க நின்றேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். உங்கள் இளநீரைச் சந்தேகப்பட்டு, ஆபேல் முகத்தைப் பார்க்கத்தான் நின்றேன் என்று தயாளன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இன்னா டீச்சர், எளநி குடுத்தா அதுக்கு ஒரு கணக்கா? எம்பொண்ணு நல்லாதானே ஆடிச்சு. அத்த ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றார். அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நல்லாத்தான் ஆடினாள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததே, அதுதான் அசிங்கம்.

பிறகு நான் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். லோன் கதையைச் சொன்னேன், அதே மாதிரி கிடைத்த என் பி.எட். சேர்க்கையைச் சொன்னேன். சுப்ரஜா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க சொல்ற எல்லாமே நடந்திருக்கு டீச்சர். முன்னாடியே தெரிஞ்சவங்களும் இப்படித்தானே சொல்வாங்க? ஸ்தோத்திரம் வெச்சு நடக்காமப் போனது ஏதாவது இருக்கா?"

ஜெபக்குழுவில் எத்தனை பெண்களுக்கு நான் தைரியம் சொல்லியிருப்பேன், கேட்டுக் கிடைக்காமல் போனதே இல்லை என்று? அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. சொன்னால் கெசியா போச்சு. இருக்கிறது என்று சொன்னால் என் மானம் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, போவது என் மானம் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு ஆபீஸர் பதவி உயர்வு கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். ஆயர் வாசித்தார். சபையே கை கொடுத்தது. பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. நாங்கள் இருவரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சபையில் பாதிப் பேர் அவரை ஆபீஸர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சபையின் பழைய வீடியோக்களில் தேடி, மேஜையில் சுப்ரஜா முன்னால் வைத்தார். ஆயரின் குரல் அந்த அறையில் கணீரென்று கேட்டது. ஜீவரத்தினம் அவர்கள் பதவி உயர்வு பெற்றதற்காக.

"இன்னும் அதே சீட்தான் மேடம். ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கங்க" என்றார்.

சுப்ரஜா உண்மையிலேயே போன் பண்ணிக் கேட்டார். மறுமுனையில் யாரோ, கிளார்க் ஜீவரத்தினமா என்று திருப்பிக் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நான் எழுந்து நின்று, அந்த ஜெபம் கேட்கப்படவில்லை, நான்தான் அதை வெளியே சொல்லவில்லை என்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. தயாளன்தான் எழுந்து வந்து என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "வுடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் பட்டியல் வந்தது. மாற்றம் ஒன்றும் இல்லை. கெசியா பன்னிரண்டில் ஒருத்தி. அனுப்பிரியா வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பீகார்ப் பெண்கள் கெசியாவைத் தூக்கிச் சுற்றினார்கள். ஆபேல் தூரத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். என் வீட்டுக்காரர் அரை நாள் லீவுதான் போட்டிருக்கிறேன் என்று முதல் ரயிலிலேயே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

கெசியாவும் நானும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போய்வர அனுமதி கொடுத்திருந்தார்கள். நான் எதைச் சமைப்பது, யார் யாருக்குச் சொல்வது என்று பேசிக்கொண்டே போனேன். அவள் ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"மா, லிஸ்ட் வந்துடுச்சு. இனிமே எதுவும் மாறாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆபேல் அங்கிள் உங்கிட்ட சொன்னாரா?"

எனக்குக் கை பரபரத்தது. அப்பாவை அத்தனை பேர் முன்னால் அப்படி உட்கார வைத்தது போதாதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"கோவப்படாத. எனக்குத் தெரிஞ்சாகணும். நானா ஆடி வந்தேனா, இல்ல நம்ம ஆளுன்னு எடுத்தாங்களான்னு. இல்லேன்னா ஆடறப்ப அது மண்டையில ஓடிட்டே இருக்கும்."

"இல்லடி. சத்தியமா இல்ல. நீயா ஆடித்தான் வந்த."

கெசியா லேஸை இறுக்கிக் கட்டினாள். ரயில் வருவதாக அறிவித்தார்கள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சரி மா" என்றாள்.

அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். பரீட்சையில் துண்டுச்சீட்டோடு பிடிபட்ட பிள்ளை, அது என்னுடையது இல்லை மிஸ் என்று அழும்போது நான் சொல்கிற 'சரி' அது.