பாலத்தில் மணி எட்டு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மே சாய் பாலத்தைக் கடந்து பர்மாவுக்குள் போய்த் திரும்பினால்தான் என் தாய்லாந்து விசா புதுசாகும். பதினோரு வருடமாக இதே கூத்து. அன்றும் தாய்லாந்தை விட்டு வெளியேறும் முத்திரையை பாஸ்போர்ட்டில் வாங்கிக்கொண்டு, வேன் ஓட்டும் வான்பென் அக்காவோடு பாலத்தில் நடந்தேன்.

மணி எட்டு. தினமும் காலையில் இந்த நேரத்துக்கு ஒலிக்கும் தாய்லாந்து தேசிய கீதம் ஒலிபெருக்கியில் எழுந்தது. மூட்டை சுமந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், ஓயாமல் பேசும் அக்கா, எல்லோரும் அப்படியே நின்றார்கள். எதிர்க்கரையில் பர்மா நேரப்படி மணி ஏழரைதான். அங்கே சந்தை இரைந்துகொண்டிருந்தது. நடுவில் ஆறு மட்டும் ஓடியது. நானும் அசையாமல் நின்றேன்.

கீதம் முடிந்ததும் அக்கா சிரித்தாள். "டேய் மணிலாக்காரா, நீதான் நாட்டை விட்டே போயாச்சே. நீ ஏன்டா நின்னே?"

"முத்திரையை பாஸ்போர்ட்டுலதானே குத்தினாங்க அக்கா. காலுக்கு யாரும் சொல்லலையே."